சேமிக்கிற நாடு, செலவழிக்கிற நாடு: மைக்கேல் பெட்டிஸ் சொல்வது என்ன?

வேளச்சேரியிலிருந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “மைக்கேல் பெட்டிஸ் என்ற பொருளாதார நிபுணரின் கட்டுரைகளைப் படித்து வருகிறேன். சீனாவும் ஜெர்மனியும் அளவுக்கு மீறிச் சேமிப்பதுதான் உலக வர்த்தகத்தின் பிரச்சினை என்கிறார். சேமிப்பது நல்லது என்றுதானே வீட்டில் சொல்லி வளர்த்தார்கள்? அமெரிக்கா கடன் வாங்கிச் செலவழித்தால் அது அமெரிக்காவின் தப்புதானே? இதில் நமக்கு என்ன இருக்கிறது? எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?”

தம்பி, பாரிமுனையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். பெட்டிஸை நான் தேடிப் போய்ப் படிக்க வைத்தது 2013-ம் வருஷத்து ஆகஸ்ட் மாதம். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்களிடம் கணக்கு வைத்திருந்த ஒருவர், சவுக்கார்பேட்டைக்காரர், பிளாஸ்டிக் மூலப்பொருள் இறக்குமதி செய்பவர். ரூபாய்க் கடனுக்கு 12 சதவீதம் வட்டி கொடுப்பதைவிட டாலரில் பையர்ஸ் கிரெடிட் (இறக்குமதிக்காக வெளிநாட்டு வங்கி தரும் குறுகிய காலக் கடன்) எடுத்தால் மலிவு என்று, மே மாதத்தில் 10 லட்சம் டாலர் எடுத்திருந்தார். டாலர் 55 ரூபாய் சுற்றி இருந்தது. ஃபார்வர்டு புக் பண்ணிக்கொள்ளுங்கள், அதாவது திருப்பிக் கட்டும் நாளுக்கான டாலர் விலையை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். அந்தச் செலவு எதற்கு என்று விட்டுவிட்டார். மே 22-ந் தேதி அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கி, தாங்கள் மாதாமாதம் வாங்கும் கடன் பத்திரங்களின் அளவைக் குறைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆகஸ்ட் 28-ந் தேதி டாலர் 68 ரூபாய் 80 காசு வரை போனது. ஐந்தரைக் கோடியாக இருந்த கடன், ஒரு பைசா கூடுதலாக வாங்காமலேயே ஆறே முக்கால் கோடியைத் தாண்டிவிட்டது. அன்றைக்குக் காலையில் அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து ரேட் கேட்டார். கடைசியில் ரேட் கேட்பதையும் விட்டுவிட்டு, “சார், நான் என்ன தப்பு செய்தேன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் பெட்டிஸின் முதல் புத்தகத்தில் இருந்தது. ‘தி வாலட்டிலிட்டி மெஷின்’, 2001-ல் வந்தது. வளரும் நாடுகளுக்கு வெளிநாட்டுப் பணம் அலை அலையாக வருகிறது, அந்த அலையைக் கிளப்புவது பெரும்பாலும் பணக்கார நாடுகளில் பணம் பெருகுவதும் சுருங்குவதும்தான் என்கிறார். நம் ஊரில் சீர்திருத்தம் செய்தார்களா, ஆட்சி நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அவர் கணக்கில் இரண்டாம் பட்சம். சிக்கலில் மாட்டும் நாடுகளின் கடன் தலைகீழாக அமைந்திருக்கும் என்றும் காட்டுகிறார். நல்ல காலத்தில் சுமை லேசாகும்; கெட்ட காலம் வரும்போதுதான், கையில் பணம் இல்லாத நேரம் பார்த்து, சுமை ஏறும். சவுக்கார்பேட்டைக்காரரின் பையர்ஸ் கிரெடிட் அச்சு அசலாக அதுதான். அந்த வருஷம் இந்தியாவே அப்படித்தான் நின்றது. 2012-13-ல் நம் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாடுகளிடமிருந்து நாம் ஈட்டியதைவிட அவர்களுக்குக் கொடுத்தது கூடுதலான அளவு, நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கிக்கு வந்து, வெளிநாட்டுவாழ் இந்தியர்களின் டாலர் டெபாசிட்டைச் சலுகையோடு திரட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

பெட்டிஸ் இதை ஏட்டில் மட்டும் படித்தவர் கிடையாது. வால் ஸ்ட்ரீட்டில் லத்தீன் அமெரிக்க நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்கி விற்ற வேலையில் பல வருஷம் இருந்தவர். பிறகு பெய்ஜிங் போய், பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நிதித்துறைப் பேராசிரியர் ஆனார். அங்கே இளம் ராக் இசைக் குழுக்களுக்காக ஒரு கிளப்பையும் நடத்தியிருக்கிறார். சீனாவின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதும்போது அந்த ஊர்ப் பையன்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எதில் செலவழிக்கிறார்கள் என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, சேமிப்புக்கு வருவோம். உங்கள் வீட்டிலும் ஏலச் சீட்டு போட்டிருப்பார்கள். பெரம்பூரில் எங்கள் தெருவில் 20 பேர் சேர்ந்து சீட்டு நடத்தினோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் எல்லோருக்கும் பணம் வேண்டும். அப்போது சீட்டை அதிகமாகத் தள்ளித்தான், அதாவது மொத்தத் தொகையில் நிறைய விட்டுக்கொடுத்துத்தான் எடுக்க முடியும்; அந்தத் தள்ளுதான் இங்கே வட்டி மாதிரி. யாருக்கும் அவசரம் இல்லாத மாதத்தில் கொஞ்சம் தள்ளினாலே கிடைத்துவிடும். இப்போது ஒரு பெரிய வியாபாரி ஐந்து சீட்டு போட்டு, எதையும் கடைசி வரை எடுக்காமல் பணத்தைக் கட்டிக்கொண்டே வருகிறார் என்று வையுங்கள். ஏலம் கேட்க ஆள் குறையும், தள்ளு இறங்கும். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று, தேவை இல்லாதவர்கூட எடுத்து பைக் வாங்குவார், மாடி கட்டுவார். வருஷக் கடைசியில் தெரு பேசும்: வியாபாரி கட்டுசெட்டானவர், இவர்கள் ஊதாரிகள். ஆனால் முதலில் அசைந்தது எது? எடுக்க ஆளில்லாமல் குவிந்த பணம்தானே!

உலக அளவில் இது வெறும் ஒப்புமை இல்லை, கணக்கே அதுதான். ஒரு நாட்டின் நடப்புக் கணக்கு உபரி என்பது, அது சேமித்ததில் உள்நாட்டில் முதலீடு செய்தது போக மிஞ்சியது. அந்த மிச்சம் வெளியே போயாக வேண்டும். உலகம் முழுவதையும் கூட்டினால் விடை பூஜ்யம் என்பதால், ஒருவர் உபரி வைத்தால் இன்னொருவர் பற்றாக்குறையில் இருந்தே தீர வேண்டும். நாம் வழக்கமாகச் சரக்கை முதலில் பார்க்கிறோம்: சீனா விற்றது, அமெரிக்கா வாங்கியது, அதற்காகப் பணம் கைமாறியது என்று. பெட்டிஸ் பணத்தை முதலில் பார்க்கச் சொல்கிறார். மிச்சப் பணம் எந்தச் சந்தை கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ அங்கே போய் இறங்கும், அந்த நாட்டின் வர்த்தகக் கணக்கு அதற்கேற்ப வளையும்.

இனி, யாருடைய சேமிப்பு என்று கேட்க வேண்டும். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாட்டின் சேமிப்பு என்பது வீட்டு உண்டியல்களின் கூட்டுத்தொகை கிடையாது. நாடு உற்பத்தி செய்ததில் குடும்பங்களும் அரசும் நுகர்ந்தது போக நிற்பது எல்லாமே சேமிப்பு. 100 ரூபாய்க்குப் பொருள் செய்யும் ஊரில் உழைப்பவர் கைக்கு 40 ரூபாய்தான் போகிறது என்றால், அவர் நாற்பதையும் சாப்பிட்டே தீர்த்தாலும் அந்த ஊரின் சேமிப்பு விகிதம் வானத்தில் இருக்கும். சீனாவில் மொத்த உற்பத்தியில் குடும்பங்களின் நுகர்வு 40 சதவீதத்துக்கும் கீழே. இந்தியாவில் 60-க்குப் பக்கம், அமெரிக்காவில் 68-க்குப் பக்கம். சீனக் குடும்பங்கள் சிக்கனமானவை என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் சிக்கனத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது.

அந்தப் பணம் எப்படிக் குடும்பங்களிடமிருந்து நகர்ந்தது என்பதைப் பெட்டிஸ் வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். 2011-ல் சீனாவில் ஒரு வருஷ டெபாசிட்டுக்கு அரசு நிர்ணயித்த வட்டி 3.5 சதவீதம், அந்த வருஷத்து விலைவாசி உயர்வு 5.4 சதவீதம். வங்கியில் போட்ட ஒவ்வொருவரும் நஷ்டப்பட்டார்கள். அதே பணத்தை மலிவாகக் கடன் வாங்கிய அரசுத் தொழிற்சாலைகளும் உள்ளூர் நிர்வாகங்களும் லாபம் பார்த்தன. டெபாசிட் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை 2015-ல்தான் எடுத்தார்கள். 2005 ஜூலை வரை ஒரு டாலருக்கு 8.28 யுவான் என்று கட்டி வைத்திருந்தார்கள். ஏற்றுமதியாளருக்கு அது ஆதாயம், இறக்குமதிப் பொருள் வாங்கும் குடும்பத்துக்கு அது மறைமுக வரி. ஹுகோவ் என்ற குடிப்பதிவு முறை வேறு. ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவரின் பிள்ளையை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கலாம். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் எந்த மாவட்டம் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. சீனாவில் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த கோடிக்கணக்கான தொழிலாளர்களுக்கு அந்த உரிமை அப்படியே கூட வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் பயந்து அவர்கள் காசை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

பெட்டிஸ் சொல்லாத, ஆனால் நம் வரலாற்றில் இருக்கும் ஓர் உதாரணத்தை நான் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா உபரி நாடு! பிரிட்டனின் போருக்காக இங்கே துணி, உணவு, தளவாடம் எல்லாம் வாங்கினார்கள். அதற்கான பணம் லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்த வரவைக் காட்டி இங்கே ரூபாய் அச்சடித்தார்கள். விலை ஏறியது, மக்கள் வாங்குவது குறைந்தது. போர் முடியும்போது லண்டனில் நம் பெயரில் சுமார் 130 கோடி பவுண்டு இருந்தது. அதே வருஷங்களில், 1943-ல், வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் நாம் பிரிட்டனுக்குக் கடன் கொடுத்த நாடு. அந்தச் ‘சேமிப்பு’ யார் வயிற்றிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு இந்த பவுண்டு இருப்பைப் பற்றிக் கேட்டது. அந்தக் குழுவில் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர். அது இரு நாடுகளுக்கு இடையிலான விஷயம் என்று பிரிட்டன் தரப்பு ஒதுக்கிவிட்டது. அந்தத் தரப்பின் தலைவர் ஜான் மேனார்ட் கீன்ஸ். இதே கீன்ஸ்தான், பற்றாக்குறை நாடு மட்டும் ஏன் திருந்த வேண்டும், உபரி நாட்டுக்கும் அபராதம் போடுவோம் என்று ‘பேன்கார்’ என்ற உலக நாணயத் திட்டத்தை வகுத்தவர். அன்றைக்கு உலகின் பெரிய உபரி நாடு அமெரிக்கா, அது ஒத்துக்கொள்ளவில்லை. கீன்ஸின் அந்தத் திட்டத்துக்குப் பெட்டிஸ் திரும்பத் திரும்ப வருகிறார். உபரியைக் கட்டுப்படுத்தும் ஓர் ஏற்பாடு இல்லாமல் விட்டதால்தான் 80 வருஷம் கழித்தும் இந்தச் சண்டை என்பது அவர் வாதம்.

ஜெர்மனி கதையும் சீனா கதையின் உறவுதான். 2003 முதல் 2005 வரை அங்கே தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்தினார்கள், கூலி ஏறாமல் நின்றது, லாபத்தின் பங்கு கூடியது, உபரி பெருகியது. ஒரே நாணயம் என்பதால் அந்தப் பணம் ஸ்பெயினுக்குத் தடையில்லாமல் ஓடி வீட்டு மனையாக மாறியது. 2007-ல் ஸ்பெயினின் பற்றாக்குறை அதன் உற்பத்தியில் 10 சதவீதத்தை நெருங்கியது. ஸ்பெயின்காரர்கள், கிரேக்கர்கள், போர்ச்சுகீசியர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சொல்லி வைத்தாற்போல் ஊதாரிகள் ஆனார்களா என்று பெட்டிஸ் கேட்கிறார். கேட்டுவிட்டு 1871-க்குப் போகிறார். அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. போரில் தோற்ற பிரான்ஸ், ஜெர்மனிக்கு 500 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கட்டியது. இரண்டே வருஷத்தில் அவ்வளவு பணம் ஜெர்மனிக்குள் கொட்டியது. சிக்கனத்துக்குப் பேர்போன ஜெர்மானியர்கள் என்ன செய்தார்கள்? பங்குச் சந்தையிலும் ரயில்வேயிலும் மனையிலும் போட்டு ஏற்றினார்கள். 1873-ல் எல்லாம் சரிந்தது. பணம் வெள்ளமாக உள்ளே வந்தபோது ஜெர்மானியரும் 2005-ன் ஸ்பெயின்காரர் மாதிரியேதான் நடந்துகொண்டார்கள்.

அமெரிக்காவின் தப்பு இல்லையா என்று கேட்டீர்கள். வளரும் நாட்டில் முதலீட்டுக்குப் பணம் போதாது. அங்கே வெளிப்பணம் வந்தால் தொழிற்சாலையாக மாற வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் முதலீட்டுக்குப் பணத் தட்டுப்பாடே இல்லை. அங்கே வந்து இறங்கும் பணம் புது முதலீடாக மாறாமல் இறக்குமதியைத்தான் கூட்டும் என்பதால், ஒன்று வேலையின்மையைக் கூட்டும், இல்லை கடனைக் கூட்டும்; அமெரிக்கா கடனை எடுத்துக்கொள்கிறது என்கிறார் பெட்டிஸ். டாலர் உலக நாணயமாக இருப்பது அந்த நாட்டுக்குக் கிடைத்த சலுகை என்று பலர் சொல்வதை அவர் சுமை என்று திருப்பிப் போடுகிறார். வால் ஸ்ட்ரீட்டுக்குச் சலுகை, உற்பத்தி செய்பவனுக்குச் சுமை.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உபரியும் பற்றாக்குறையும் சேர்ந்தால் பூஜ்யம் என்ற சமன்பாடு இரண்டு பக்கமும் சமம் என்று மட்டும்தான் சொல்லும், எது எதைத் தள்ளியது என்று சொல்லாது. அமெரிக்க அரசு வரியைக் குறைத்துவிட்டுக் கடன் வாங்கியது அதன் சொந்த முடிவுதானே என்கிறார்கள். நான் இதற்குச் சீட்டு ஏலத்தின் தள்ளைத்தான் பார்ப்பேன். எடுக்கிறவர் அவசரத்தால் பணம் வந்தால் தள்ளு ஏற வேண்டும். குவிந்த பணம் ஆளைத் தேடினால் தள்ளு இறங்க வேண்டும். 2004 நடுவிலிருந்து 2006 நடுவுக்குள் அமெரிக்க மத்திய வங்கி குறுகிய கால வட்டியை 1 சதவீதத்திலிருந்து 5.25-க்கு ஏற்றியது. அமெரிக்க அரசின் 10 வருஷக் கடன் பத்திரத்தின் வட்டி அதற்கு ஈடாக ஏறவே இல்லை. இது புரியாத புதிர் என்று அப்போதைய தலைவர் கிரீன்ஸ்பானே சொன்னார். பெர்னான்கியும் 2005-ல் உலகச் சேமிப்பின் பெருக்கம் என்று இதைத்தான் விளக்கினார். அந்தக் காலத்துக்குப் பெட்டிஸ் சொல்வது சரி என்று நான் நம்புகிறேன். 2022-க்குப் பிறகு நிலைமை வேறு. வட்டி ஏறியது, அமெரிக்க அரசின் பற்றாக்குறையும் பெரிசு. இந்தக் காலத்துக்கு எதிர்த்தரப்பின் வாதம் வலுவாக இருக்கிறது.

இன்னொரு இடத்திலும் பெட்டிஸ் தவறினார். 2013-க்குப் பிந்தைய பத்து வருஷத்தில் சீனாவின் வளர்ச்சி சராசரியாக 3, 4 சதவீதத்தைத் தாண்டாது என்றார். அதிகாரபூர்வக் கணக்கில் 2019 வரை 6 சதவீதத்துக்குக் குறையவில்லை. சீனாவில் வளர்ச்சி இலக்கை முதலில் வைத்துவிட்டு, அதை எட்டும் வரை உள்ளூர் அரசுகள் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டே போகின்றன என்பது அவர் பதில். 30,000 கோடி டாலருக்கு மேல் கடன் வைத்து 2021-ல் எவர்கிராண்டே என்ற சீன வீடு கட்டும் நிறுவனம் கவிழ்ந்தபோது அந்தப் பதிலுக்கு மதிப்பு கூடியது. நோயைச் சரியாகக் கண்டார், காலத்தைத் தவறாகக் குறித்தார் என்பது என் கணிப்பு. ஆனால் அவரை நம்பிச் சந்தையில் பணம் கட்டியவருக்கு அந்த வித்தியாசம் சின்னது கிடையாது.

இதில் நமக்கு என்ன? அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்யும் என் நண்பர் ஒருவர் போன வருஷம் ஒரு போல்ட்டை என் கையில் வைத்தார். எட்டு மில்லிமீட்டர், துத்தநாகப் பூச்சு, மரை சுத்தமாக இருந்தது. “நான் வாங்குற ஸ்டீல் கம்பியோட விலைக்கு இது செஞ்சு முடிச்சு, கப்பல்ல ஏறி, துறைமுகத்துல வந்து இறங்குது. எப்படிங்க?” என்றார். நம் ஆள் திறமையில் குறைந்தவரா? இல்லை. அந்த விலைக்குள் மலிவு வட்டிக் கடன் இருக்கிறது, மலிவு நிலம் இருக்கிறது, அந்த ஊர்த் தொழிலாளி வாங்காமல் விட்ட சம்பளம் இருக்கிறது. அவர்களுடைய சந்தையில் விற்க முடியாதது இங்கே வருகிறது. 2024-25-ல் சீனாவுடன் நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். 2024-ல் சீனாவின் மொத்தச் சரக்கு வர்த்தக உபரி ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலர்.

சுங்கவரியால் இது தீருமா? 2018-ல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரி போட்டது. சீனாவுடன் அதன் சரக்குப் பற்றாக்குறை 2018-ல் 41,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2023-ல் 28,000 கோடிக்கு இறங்கியது. வியட்நாமுடனும் மெக்சிகோவுடனும் ஏறியது. மொத்தப் பற்றாக்குறை குறையவே இல்லை. ஒரு நாட்டைக் குறிவைத்துப் போடும் வரி, பாதையை மாற்றும். அளவை மாற்றாது என்று பெட்டிஸ் முன்பே எழுதியிருந்தார். உள்ளே வரும் வெளிநாட்டுப் பணத்துக்குக் கட்டணம் போடுங்கள் என்பது அவர் யோசனை. 2019-ல் அமெரிக்க செனட்டில் இரு கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து அப்படி ஒரு மசோதாவும் கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது அடி வாங்கியது திருப்பூர் பனியனும் ஆம்பூர்த் தோலும் இறாலும். இந்தியாவோ மொத்தக் கணக்கில் பற்றாக்குறை நாடு. உபரியே குவிக்காத நாட்டில், தையல் கூலிக்கு வேலை செய்யும் பெண்ணின் தலையில் சுமையை வைத்தார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை.

அப்புறம், நாமும் சீனா வழியில் போய்விடலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னொரு சீனாவின் உபரியை வாங்கிக்கொள்ள உலகத்தில் இடம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் போன் பொருத்தும் பெண்ணின் சம்பளம் அவள் செய்யும் வேலையின் மதிப்போடு சேர்ந்து ஏறினால், அவளும் கடைக்குப் போவாள், அம்பத்தூர் போல்ட்டுக்கும் ஆள் இருக்கும். சம்பளத்தை அமுக்கிவைத்து ஏற்றுமதியைக் கூட்டும் வழியைத் தேர்தலில் யார் புகழ்ந்து பேசினாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதற்கு: மேத்யூ கிளைனும் அவரும் சேர்ந்து 2020-ல் எழுதிய ‘ட்ரேட் வார்ஸ் ஆர் கிளாஸ் வார்ஸ்’ முதலில். வரலாறு நிறைய இருப்பதால் கதை போல ஓடும். அடுத்து 2013-ல் வந்த ‘தி கிரேட் ரீபேலன்சிங்’. அதைப் பென்சிலும் பேப்பரும் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் முதலில் படித்த ‘தி வாலட்டிலிட்டி மெஷின்’ உங்களுக்குக் கடைசி, நிதிச் சந்தை கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

கூடவே ஒரு வேலை. ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒரு முறை அயல்நாட்டுச் செலுத்துநிலை (பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸ்) அறிக்கை வெளியிடும். மேலே இருக்கும் நடப்புக் கணக்கை ஒரு பேப்பரால் மறைத்துவிட்டு, கீழே இருக்கும் மூலதனக் கணக்கை முதலில் படியுங்கள். எவ்வளவு வந்தது, தொழிற்சாலை முதலீடாக வந்ததா, பங்குச் சந்தைப் பணமா, குறுகிய காலக் கடனா என்று ஒரு நோட்டில் எழுதி, மறைத்த பகுதியில் என்ன இருக்கும் என்று ஊகித்துவிட்டுப் பேப்பரை எடுங்கள். நாலு காலாண்டு எழுதியதும் நோட்டை எனக்குக் காட்டுங்கள் தம்பி, சேர்ந்து பார்ப்போம்.